ஞாயிற்றுக்கிழமை மட்டும் படுத்துக்கொள்ளும் சிவப்பு வண்டி

வண்டிகளுக்கு கரண்ட் வேலை பார்க்கிறவனுக்கு வாய்க்கிற நோயாளிகள் எல்லாம் ஒரே ரகம்: ரோட்டில் உயிர் போகிற மாதிரி கிடப்பார்கள், நம் எதிரில் வந்ததும் எழுந்து உட்கார்ந்து பல்லைக் காட்டுவார்கள். "இப்ப வரைக்கும் சத்தம் வந்துச்சுங்க, சத்தியமா வந்துச்சு" என்று ஒரு மெக்கானிக்கிடம் அசடு வழிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த மெக்கானிக் முகத்தில் தெரிந்த சிரிப்பைப் பார்த்து நொந்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பைச் சிரிக்கிற ஆள் நான்தான். உங்களைவிட அதிகம் நொந்தவனும் நான்தான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம் ராமாபுரம். மைசூரில் பன்னிமண்டபம் பக்கம் பட்டறை. கூட்டாளி மஞ்சுநாத். எஞ்சின் அவன் பொறுப்பு, ஒயர் என் பொறுப்பு. ரெண்டுக்கும் நடுவில் எது கெட்டாலும் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தோம். அப்போதுதான் அந்தச் சிவப்பு வண்டி வந்தது.

கரும்பு முந்திய கதை

ஒரு திங்கட்கிழமை காலை அது பட்டறைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து, யாரோ பின்னாலிருந்து தள்ளுகிறார்கள் என்றே நினைத்தேன். ரெண்டே பேர் உட்காரக்கூடிய, தரையை உரசுகிற மாதிரி தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார். கதவு திறந்தது. முதலில் ஒரு கைப்பை வெளியே வந்தது. பிறகு ஒரு செருப்பு. கொஞ்சம் இடைவெளி விட்டு "மாதாவே" என்று ஒரு குரல். கடைசியில் காட்டன் சேலை கட்டிய ஒரு அம்மாள் நிமிர்ந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் ஸ்டெல்லா அக்கா. வளைகுடாவில் நர்ஸாக இருந்து ரிட்டயராகி ஊர் திரும்பியவர். திரும்பி வருகிறவர்கள் எல்லாம் வீடு கட்டுவார்கள், பிறகு அதன் மேல் மாடி கட்டுவார்கள். அக்கா இந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவது அவருடைய வழக்கம். முந்தின நாளும் அப்படித்தான் போயிருக்கிறார். நடு ரோட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நடக்கத்தான் செய்ததாம், ஓடவில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது. முந்தினவர் சும்மாவும் போகவில்லை. ஓரமாக நிறுத்தி, அக்கா ஊர்ந்து வந்து சேரும் வரை காத்திருந்து, குனிந்து ஜன்னலுக்குள் பார்த்து, கயிறு கட்டி இழுக்கட்டுமா என்று கன்னடத்தில் அன்பாகக் கேட்டிருக்கிறார்.

"ஹக்க இதெ, கட்லா அம்மா?"

ரெண்டு சாட்சி

ஸ்கேனரைச் செருகினேன். ஸ்கேனர் என்பது வண்டியின் கம்ப்யூட்டரிடம் என்ன கோளாறு என்று கேட்டு, பதிலை ஒரு கோட் நம்பராகக் காட்டுகிற கருவி. த்ராட்டில் சென்சார் என்று வந்தது. அக்காவுக்கு விளக்கினேன். எஞ்சினுக்குள் காற்றை விடுகிற ஒரு சின்னக் கதவு இருக்கிறது, அதுதான் த்ராட்டில். நாம் மிதிக்கிறதைப் பார்த்து கம்ப்யூட்டர் அந்தக் கதவைத் திறக்கும். கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல ஒரு சென்சார் உண்டு. ஏமாந்துவிடக் கூடாது என்று அதற்குள் ரெண்டு சாட்சிகளை வைத்திருக்கிறார்கள். ரெண்டும் ஒரே பதிலைச் சொன்னால் வண்டி பறக்கும். மாற்றிச் சொன்னால் கம்ப்யூட்டர் பயந்துபோய், வீட்டுக்குப் போய்ச் சேருகிற அளவுக்கு மட்டும் வேகத்தை விட்டுக்கொடுக்கும்.

இதைப் புரிய வைக்க நான் பட்ட பாட்டில் பாதியிலேயே அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். எத்தனையோ கஸ்டமர்களுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். இப்படி ஒரு வரியில் யாரும் என் வாயை அடைத்ததில்லை.

"ரெண்டு நர்சு ரெண்டு பி.பி. சொன்னா டாக்டர் பேஷண்ட எந்திரிச்சு நடக்க விடமாட்டாரு. அதானே தம்பி? இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு?"

உட்காரத் தெரியாத அண்ணன்

புது சென்சார் வரவழைத்துப் போட்டேன். வண்டி சீறிக்கொண்டு போனது. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். அடுத்தடுத்த வாரங்களில் அதே திங்கட்கிழமை, அதே நடை, அதே மஞ்சள் விளக்கு. அப்படி வந்த ஒரு தடவை அக்காவோடு அவருடைய அண்ணனும் வந்திருந்தார். அருளப்பன் அண்ணன் கோயிலில் உபதேசியார். பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, ஜெபம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். நல்ல உயரம். அந்த வண்டியில் அவர் உட்கார்ந்திருந்தபோது முழங்கால் ரெண்டும் காதோரம் இருந்தன. அவரை வெளியே எடுக்க நானும் மஞ்சுவும் ஆளுக்கொரு கை பிடித்தோம்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக, வண்டியை விற்றுவிடச் சொன்னார். பெங்களூரில் ஒருத்தர் ரெடியாக இருக்கிறாராம். அக்கா முடியாது என்றார். கல்ஃபில் இருந்த காலம் முழுக்க அவருக்கு ஒரே ஒரு நேர்ச்சை: சொந்த வண்டியைத் தன் கையால் ஓட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும், யாரும் கொண்டுபோய் விடக் கூடாது. ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றி இறக்கிய வாழ்க்கை போதும் என்று இருந்திருக்கிறார். கடைசியில் என் பட்டறையிலேயே பஞ்சாயத்து முடிந்தது. வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க்காரர் வருவார். அன்றைக்கு அவர் எதிரில் வண்டி படுத்தால் அக்கா விற்றுவிடுவார். ஓடினால் அண்ணன் வாயைத் திறக்கக் கூடாது.

ஒப்புக்கொண்ட பிறகு அண்ணன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, கோளாறு எங்கே என்று கேட்டார். ஆர்வமாகக் கேட்கிறாரே என்று சென்சாரின் ஒயர் செருகியிருக்கும் இடத்தை விரலால் தொட்டே காட்டினேன். நன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டார். திருப்பி ஒரு தடவை தானும் தொட்டுக் காட்டி உறுதி செய்துகொண்டார்.

"இந்த எடந்தானே? இங்கதானே சீக்கு? சரி, சரி. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல."

மஞ்சுநாத்தின் சோதனை ஓட்டம்

ஒயரை மாற்றினேன். த்ராட்டிலையே மாற்றினேன். போன தடவையைவிட இப்போது கோளாறு இன்னும் ஜோராக வந்தது. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எலி என்றார் எதிர் டீக்கடைக்காரர். பெட்ரோலில் தண்ணீர் என்றார் பஞ்சர் கடைக்காரர். சிவப்பு நிறத்துக்குக் கண் படும் என்றார், வேறு வண்டியின் ஹாரனைச் சரிசெய்ய வந்த ஒருத்தர். நான் அக்காவிடம் கேட்டுக் கேட்டு ஒன்றை மட்டும் கண்டுபிடித்தேன். வண்டி படுப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் பூசை முடிந்து கிளம்பிய பிறகுதான். திங்கட்கிழமை என்னிடம் வரும்போது பாதி சரியாகியிருக்கும், செவ்வாய்க்கிழமை ஒன்றுமே இருக்காது.

அப்படியானால் வார நாளில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான் மஞ்சு, மிகுந்த பொறுப்போடு. சாமுண்டி மலை மேலே போய் வந்தான். ரிங் ரோடு முழுக்கச் சுற்றினான். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி மலைக்குப் போனான். வண்டி ஒரு தடவைகூட முனகவில்லை. மூன்றாம் நாள் கிளம்பியவன் மாலை வரை வரவில்லை. நான் கயிறு எடுத்துக்கொண்டு தேடக் கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளை மிடுக்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்து இறங்கினான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாமனார் வீட்டுத் தெருவில் சோதித்துவிட்டு வந்தானாம்.

"காடி சூப்பரா இதெ குரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து முதல் தடவ எங்க மாவா வாசல் வரைக்கும் வந்து டாட்டா காட்டுனாரு."

ருசி பார்த்த விதம்

பெங்களூர்க்காரர் வர ஒரு வாரம்தான் இருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா ஒரு நாளும் என்னைக் கோபித்துப் பேசியதில்லை. "நீ பாத்துக்குவ தம்பி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன். அந்தத் திங்கட்கிழமை சென்சாரில் ஒயர் செருகும் சாக்கெட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் வைத்து லென்ஸால் பார்த்தேன். புத்தம் புது சாக்கெட். அதற்குள் பின்கள் பச்சை பூத்திருந்தன, ஓரத்தில் வெள்ளையாக என்னவோ பொடிப் பொடியாகப் படிந்திருந்தது. என்னவாக இருக்கும் என்று விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். மஞ்சு அலறினான், பேட்டரி ஆசிட்டாக இருந்தால் என்ன செய்வாய் என்று. ஆசிட் இல்லை. உப்பு. சாப்பாட்டில் போடுகிற, சாட்சாத் உப்பு.

உப்புத் தண்ணீர் இருந்தால் அந்த ரெண்டு சாட்சிகளும் ஒன்றோடொன்று கசிந்து உளறும், காய்ந்துவிட்டால் யோக்கியமாகிவிடும். எல்லாம் பொருந்திப் போயிற்று. ஆனால் மைசூருக்கு ஏது கடல்? அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தேன். மங்களூர் போனீர்களா? கோவா? போகவில்லை. கடற்கரை? எங்கேயும் இல்லை. பிறகு எனக்கு வேறு கேள்வி தோன்றவில்லை, எஞ்சின் பக்கத்தில் நின்று மோர், சிப்ஸ், ஊறுகாய் ஏதாவது சாப்பிடுகிற பழக்கம் உண்டா என்று கேட்டுத் தொலைத்தேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு டெம்பரேச்சர் இருக்கான்னு பாக்கணும், கிட்ட வா."

கோயில் மைதானத்தில்

இனி நோயாளியை வீட்டிலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பெங்களூர்க்காரர் வரும் அந்த ஞாயிறு காலை, பூசைக்கு முன்பே கோயில் மைதானத்துக்குப் போய் என் வேனில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா வந்தார். பாட்டுக் குழுவில் பாடுகிறவர், சேலையில் பாக்கெட் கிடையாது, அதனால் வழக்கம்போல் வண்டிச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தார். வண்டியைத் திறந்து பானெட்டைத் தூக்கினார். ஜிப்பா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார், வாய் முணுமுணுக்கச் சிலுவை போட்டார். பிறகு, நான் விரலால் தொட்டுக் காட்டிய அதே இடத்தில், ஒரு சொட்டு வீணாகாமல், தெளிக்கப் போனார்.

ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். பாட்டிலில் இருந்தது தீர்த்தம், சாமியார் மந்திரித்த உப்பைக் கலந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எஞ்சின் மேல் பொதுவாகத் தெளித்திருக்கிறார். நான் சீக்கு இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்ததும் மொத்தத்தையும் அங்கேயே கவனித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகம் சிரிக்கிற முகமாக இல்லை. "வித்துடுன்னா கேக்க மாட்டேங்கிறா. அவ அதுல போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு மூச்சே வராது தம்பி. வேற நான் என்ன பண்றது சொல்லு" என்றார். 

ஒரு உபதேசியாரிடம் போய், உங்கள் தீர்த்தத்தால்தான் வண்டி கெட்டது என்று எப்படிச் சொல்வது? தீர்த்தத்தில் குற்றமில்லை, உப்புதான் கரண்டோடு ஒத்துப்போகாது என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. சாக்கெட்டைக் கழற்றிப் பச்சையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். தங்கையின் வண்டியை இத்தனை நாள் படுக்க வைத்தது தானே என்று புரிந்ததும் மனுஷர் அப்படியே பம்பரின் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பாட்டுக் குழு முதல் பாட்டை எடுத்தது. நான் அவசரமாகப் பின்களைத் துடைத்து, கிரீஸ் வைத்து, ரப்பர் உறை மாட்டி மூடினேன். அண்ணன் பாட்டிலை ஆட்டிப் பார்த்தார், இன்னும் பாதி இருந்தது. பிறகு மிகவும் பணிவாகக் கேட்டார்.

"டயர்ல தெளிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

பெங்களூர்க்காரர்

பூசை முடிந்ததும் பெங்களூர்க்காரர் வந்து சேர்ந்தார். கூலிங் கிளாஸ், கையில்லாத ஜாக்கெட், வண்டி வாங்கவே பிறந்தவர் போல ஒரு நிற்பு. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அக்கா கிளம்பினார். நானும் மஞ்சுவும் அண்ணனும் வேனில் பின்தொடர்ந்தோம். ரிங் ரோட்டில் அக்கா ஆக்ஸிலேட்டரை மிதித்தார் பாருங்கள். எங்கள் வேனுக்கு ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. அண்ணன் ஒரு கையால் ஜெபமாலையையும் மறு கையால் என் தொடையையும் பிடித்திருந்தார். ஒவ்வொரு சிக்னலுக்கும் என் தொடை வலி கூடியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஓரமாக நின்றது. படுத்துவிட்டதோ என்று ஓடினோம். இல்லை. பெங்களூர்க்காரர்தான் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும் என்றாராம். அவர் முகம் வெளுத்திருந்தது, அக்கா அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தப்படி விவகாரம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெங்களூர்க்காரருக்கு வண்டி பிடித்துப்போய்விட்டது. விட மாட்டேன் என்று நின்றார். அக்கா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவர் பேச்சை இன்னும் இனிப்பாக்கிக்கொண்டே போனார். அப்போது அருளப்பன் அண்ணன், அந்த வண்டியை விற்றே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர், அவரைத் தோளில் கை போட்டுத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். வண்டி வாரா வாரம் படுக்கும் என்றார், ஊரில் உள்ள மெக்கானிக்குகள் எல்லாம் கைவிட்டது என்றார், என்னைக் காட்டி, இந்தப் பையன் இதனாலேயே சாப்பாடு இறங்காமல் இளைத்துப் போனான் என்றார். பெங்களூர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் முடிந்த அளவு இளைத்தவனைப் போல நின்றேன். அவருக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் பாக்கி இருந்தது. அண்ணன் நெஞ்சில் கை வைத்தார்.

"நான் உபதேசியார் சார். பொய் சொல்லுவேனா?"

திருவாரூர் வரை

கொடியேற்றத்துக்கு அண்ணனும் தங்கையும் அந்த வண்டியிலேயே கிளம்பினார்கள். அண்ணனை மடித்து உள்ளே வைப்பதற்கு நானும் மஞ்சுவும் போக வேண்டியிருந்தது. கொள்ளேகால் வழியாகப் போய், மார்டள்ளியில் சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு, பிறகு மேட்டூர், அப்படியே தஞ்சாவூர்ப் பக்கம் என்று திட்டம். நான் வேலையில் கை வைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. மஞ்சு வேனுக்கு டீசல் போட்டு வைத்தான், எதற்கும் இருக்கட்டும் என்று கயிறும் வைத்தான்.

கடைசியில் அக்காவே கூப்பிட்டார். பின்னால் பயங்கரக் கூட்டச் சத்தம். எங்கே படுத்துவிட்டது என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். படுக்கவே இல்லையாம், குதிரை மாதிரி வந்ததாம். மார்டள்ளியில் சாப்பிட்டு உட்கார்ந்தபோது அண்ணன் பாட்டில் கதையை முழுக்கச் சொல்லி அழுதாராம், இவரும் சேர்ந்து அழுதாராம், பிறகு ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சொந்தக்காரர்கள் பயந்துபோனார்களாம். அப்புறம் நேராக வேளாங்கண்ணிதானே என்று கேட்டேன். திருவாரூரில் ஒரு டீக்கடையில், வேளாங்கண்ணிக் கடற்கரையின் உப்புக் காற்று வண்டியையே அரித்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் அங்கேயே இறங்கி, ஒரு ஷெட்டைப் பிடித்து, வண்டியை உள்ளே விட்டுப் பூட்டி, பானெட்டின் மேல் தன் போர்வையையும் போர்த்தி, தங்கையைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாழ்நாள் நேர்ச்சையின் கடைசிப் பகுதியை அக்கா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே முடித்திருக்கிறார். "மாதாகிட்ட என்னக்கா சொன்னீங்க?" என்றேன். அந்தப் பக்கம் அக்கா சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் திணறினார்.

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்க தம்பி. நான் சாவிய கேட்டேன்னா அண்ணன்தான் கோவிச்சுக்குவாரு."

என் சர்வீஸில் சரிசெய்தது என்று மார்தட்டிக்கொள்ள அந்த ஒரு சென்சார் சாக்கெட் இருக்கிறது. அண்ணனுக்கு இப்போது பிடித்திருக்கும் கோளாறுக்கு எந்த ஸ்கேனரிலும் கோட் கிடையாது.